பிட்ச் பிடித்தது, ஒப்பந்தம் நின்றது: எங்கே பார்ப்பது?

சிக்கல் உங்கள் கதையில் இல்லை, உரிமைக் காகிதங்களில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பயிற்சியில் நீங்கள் பிட்ச் செய்த (வாங்குவோர் முன் சுருக்கமாக எடுத்துச்சொன்ன) ஆவணப்படத் தொடரைப் பாராட்டிய வெளிநாட்டு ஒளிபரப்பாளர், 'செயின் ஆஃப் டைட்டில்' கேட்டார், அப்புறம் பதிலே இல்லை என்கிறீர்கள். அவர் கேட்டது ஒற்றை ஆவணம் அல்ல. கரு, எழுத்து, இசை, பழைய காட்சிகள் எல்லாம் யாரிடமிருந்து உங்கள் நிறுவனத்துக்கு வந்தன என்று காட்டும் காகிதங்களின் வரிசை.

சிறு குழுக்களில் நண்பர்கள் வாய்ப்பேச்சை நம்பி உழைத்திருப்பார்கள். சட்டப் பிரிவு இல்லாத தயாரிப்பாளர்களுக்கான பயிற்சியில் முதல் நாளே இதைச் சொல்லித்தர வேண்டும். பிட்ச்சுக்கே நேரம் முழுதும் போய்விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, இதைச் செய்து பாருங்கள்:

1. பங்களித்த ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் கையெழுத்திட்ட காகிதம் உண்டா என்று குறியுங்கள்.

2. அதில் 'உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும்' என்று இருக்கிறதா? இசையில் கூடுதல் கவனம் வேண்டும். பாடலுக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. உள்நாட்டு ஒளிபரப்புக்கு மட்டும் வாங்கியிருந்தால் ஏற்றுமதி அங்கேயே நின்றுவிடும்.

விடுபட்டவர்களிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். விற்பனை முடிந்தபின் கேட்டால் தொகை ஏறும்.

ஒன்று மட்டும் கவனம்: இரு நாட்டு ஒப்பந்தப்படி அதிகாரபூர்வக் கூட்டுத் தயாரிப்பாக்க நினைத்தால், பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். படம்பிடித்து முடித்திருந்தால் முன்விற்பனையோ (படம் முழுமையாகும் முன்பே உரிமையை விற்பது) உரிம விற்பனையோதான் (முடிந்த படத்தை ஒளிபரப்பும் அனுமதியை விற்பது) நடைமுறை வழி.