சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கிற கவர்

கேள்வி: என் பையன் ராணுவத்துல நாயக். எட்டு வருஷ சர்வீஸ். போன வருஷம்தான் கல்யாணம் பண்ணி வெச்சோம். இப்போ ஜம்மு காஷ்மீர் எல்லையில பூஞ்ச் பக்கம் போஸ்டிங். 7-ஆம் தேதி பாகிஸ்தானோட சண்டை ஆரம்பிச்சதுல இருந்து டிவி முன்னாடியேதான் உக்காந்திருக்கேன், தூக்கமே இல்ல. போன் வந்தாலும் ரெண்டு நிமிஷத்துல லைன் கட் ஆயிடுது. ஏப்ரல் கடைசியில ரிஜிஸ்டர் தபால்ல ஒரு கவர் அனுப்பியிருந்தான், பாத்தீங்களாப்பான்னு கேட்டான், பாத்தேன்னு சொல்லிட்டேன், ஆனா பிரிக்க மனசு வரல, சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். எம்.பி. ஆபீஸ்ல தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், அவர் மூலமா வேற இடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாமா? என் மனசு நிம்மதியாக என்ன செய்யணும்?
(பேர் வேண்டாம், மே 9, 2025)

பதில்: ஐயா, நீங்க எழுதுனது நாலு பக்கம், இங்க சுருக்கிப் போட்டிருக்கோம். அதுல முக்கால்வாசி நீங்க டிவியில பாத்ததுதான், டிரோன், சைரன், பிளாக்அவுட். கவரைப் பத்தி ஒன்றரை வரி. நான் அந்த ஒன்றரை வரியை விட்டு நகர முடியாம நின்னுட்டேன்.

கடிதம் எங்க கைக்கு வர்றதுக்குள்ள, 10-ஆம் தேதி சாயங்காலம் 5 மணியோட சண்டை நிறுத்தம்னு அறிவிச்சுட்டாங்க. சரி, இனி அந்தக் கவரு எதுக்குன்னு இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சிருப்பீங்க. உங்க பையன் இன்னும் அங்கதான் இருக்கான். ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்கன்னு நான் எழுத மாட்டேன், அதை உங்களுக்கு நூறு பேரு சொல்லியிருப்பாங்க, ஒரு ராத்திரிகூட அது தூக்கம் குடுத்திருக்காது.

நீங்க பயந்தது தப்பில்ல. பொய் சொன்னதுதான் தப்பு. ரெண்டு நிமிஷம் பேசக் கெடைச்ச எடத்துல அவன் சாப்பாடு, தூக்கம் எதையும் பேசாம அந்தக் கவரைத்தான் கேட்டான், அதுலயே உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும் அவனுக்கு எது முக்கியம்னு. அவன் பாரத்தை எறக்கி வெக்கலாம்னு உங்க கையில நீட்டுறான், நீங்க வாங்கிக்கிட்ட மாதிரி காட்டி அப்படியே கீழ போட்டுட்டீங்க. அப்பா படிச்சுட்டார், எல்லாம் பாத்துக்குவார்னு நம்பிக்கிட்டு அவன் அங்க டியூட்டி பாத்துட்டு இருக்கான். இதை நெனச்சாதான் எனக்கு ஆத்திரமா வருது.

உள்ள என்ன இருக்கும்னு பயப்படுறீங்க? காஷ்மீர்ல பஹல்காம்ல ஏப்ரல் 22-ஆம் தேதி தீவிரவாதிங்க 26 பேரைச் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் வந்த கவரு அது, எல்லைப் பக்கம் இருக்கிறவனுக்கு என்ன வரப் போகுதுன்னு தெரியாம இருக்குமா. பெரும்பாலும் பேப்பரா இருக்கும். பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், ஏ.ஜி.ஐ.ங்கிற ராணுவக் குழு இன்சூரன்ஸ் நாமினேஷன், கல்யாணம் ஆனதை ராணுவ ரெக்கார்டுல பதிய யூனிட்ல போட்ட பார்ட் டூ ஆர்டர் காப்பி. உங்களுக்கு அது வெறும் காகிதம், உங்க மருமகளுக்கு அப்படி இல்ல, அந்த பார்ட் டூ ஆர்டர்ல பேரு ஏறுனாத்தான் ராணுவ ரெக்கார்டுல அவ அவன் மனைவி. ஆதார்ல ஒரு இனிஷியல், அங்க ஒரு இனிஷியல்னு இருந்ததால வருஷக்கணக்கா அலைஞ்ச பொண்ணுங்க எனக்கு எழுதியிருக்காங்க, அதுல பாதிப் பேரோட புருஷன் சண்டையிலகூட சாகல, வண்டி கவுந்து செத்தவங்க.

கைப்பட எழுதுன காகிதமும் ஒண்ணு இருக்கலாம். இருந்தா சாதாரணமா நெனச்சுடாதீங்க. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல, போர்ல ஈடுபட்டிருக்கிற சிப்பாய் தன் கையால முழுசா எழுதுன உயிலுக்குக் கையெழுத்துகூடக் கட்டாயம் இல்ல, சாட்சியும் வேண்டாம். ரெண்டு சாட்சி முன்னாடி வாயால சொன்னாலே செல்லும். இந்தச் சலுகை இந்துக்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் பாருங்க. முன்பின் தெரியாதவங்க எழுதுன சட்டமே ஒரு சிப்பாயோட வார்த்தைக்கு அவ்வளவு எடம் குடுக்குது, பெத்த அப்பா நீங்க படிக்கக்கூட இல்ல.

என் அண்ணன் 1999-ல கார்கில்ல இருந்தவர். மேல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டார், எங்கம்மா அதைத் தொடவே விடல, அபசகுனம்னு அரிசிப் பானைக்குள்ள வெச்சுட்டாங்க. அண்ணன் பொழச்சு வந்தார். லீவுல வந்தப்போ தெருவுல ஒருத்தர் அறுநூறு ரூபா கடனைக் கேட்டு நாலு பேரு முன்னாடி பேசிட்டார். அந்த லெட்டர்ல மொத வரியே அந்த அறுநூறு ரூபாயை அடைச்சிடுங்கன்னுதான். அண்ணன் வீட்டுக்கு வந்து பானைக்குள்ள கைய விட்டு அதை எடுத்தார், ஒட்டுனது ஒட்டுனபடி இருந்துச்சு, அம்மாவைத் திட்டல, ஆனா யாருமே படிக்கலையான்னு ஒரே ஒரு தடவை கேட்டார். அம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாங்க. சகுனம் பாத்து ஒளிச்சு வெக்கிறது பாசம் இல்ல ஐயா, பெத்தவங்க நம்ம பயத்தைப் பிள்ளை தலையில கட்டுறது அது. இதுல நான் யாருக்காகவும் எறங்கி வர மாட்டேன்.

மாத்தல் விஷயம். சிபாரிசு வேண்டாம். வெளி ஆளை வெச்சு அழுத்தம் குடுக்கிறது ராணுவத்துல விதிமீறல், கெட்ட பேரு உங்களுக்கு இல்ல, அவனுக்கு. வீட்டுல நெஜமாவே கஷ்டம்னா, பெரிய நோய் மாதிரி ஏதாவதுன்னா, கம்பேஷனேட் கிரவுண்டுல போஸ்டிங் கேக்க வழி இருக்கு, ஆனா அதை அவனே யூனிட் மூலமாக் கேக்கணும். அவன் கேட்டானா? நீங்க எழுதுன நாலு பக்கத்துல அப்படி ஒரு வார்த்தை இல்ல. அவனை எடுத்தா அந்த எடத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைதான் போவான், அதையும் யோசிங்க.

டிவியை நிறுத்துங்க. 8-ஆம் தேதி ராத்திரி கராச்சி துறைமுகத்தை அடிச்சாச்சுன்னு சில சேனல் கத்துனாங்க, விடிஞ்சு பாத்தா அப்படி ஒண்ணும் நடக்கல. உங்க பையன் எழுத்தைப் பிரிக்கப் பயந்துட்டு இதைப் போய் ராத்திரி பூரா முழிச்சுப் பாத்திருக்கீங்க. அந்த நேரத்துக்கு அவனுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, அவன் ஆர்மி நம்பர், பேரு, யூனிட் எழுதி 56 ஏ.பி.ஓ.ங்கிற ராணுவத் தபால் அட்ரஸ் போட்டா அவன் எங்க இருந்தாலும் தேடிப் போகும். அவசரம்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க, அவன் ஆர்மி நம்பரும் யூனிட் பேரும் ஒரு சீட்டுல எழுதிக் கையில வெச்சிருங்க.

இன்னிக்கே மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சு, அவ முன்னாடி பிரிங்க. அவளுக்கு அந்தக் கவர் வந்ததாவது தெரியுமா? உங்க கடிதத்துல அவ கல்யாணத்தோட சரி, அப்புறம் எங்கயுமே வரல. ஒவ்வொரு பேப்பரையும் ரெண்டு பேரும் படிங்க, பேரு, தேதி, அக்கவுண்ட் நம்பர் எல்லாம் சரி பாருங்க. அடுத்த தடவை போன் வந்தா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்டா, இப்பத்தான் படிச்சேன்னு மொதல்ல சொல்லிடுங்க. அப்புறம் இந்த எடத்துல அவ பேருல ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கு, யூனிட்ல சரி பண்ணிடுன்னோ, நீ எழுதுன அந்த விஷயத்தை நான் பாத்துக்கிறேன்னோ, படிச்சவங்க மட்டுமே சொல்லக்கூடிய ஒண்ணைச் சொல்லிட்டுப் போனை அவகிட்ட குடுங்க.

பிரிக்கும்போது கத்தரிக்கோல் எடுத்து ஓரமா வெட்டுங்க ஐயா. மேல உங்க பேரை அவன் கையால எழுதியிருக்கான், அது கிழியக் கூடாது.