அப்பாவைப் பேசவைத்த புத்தகம்

சிறுவயதில் உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டாம். 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. ரஷ்ய மொழியில் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதியது. சோவியத் காலத்தில் இப்படிப் பல புத்தகங்கள் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி இங்கே வரும்.

1980களில் எங்கள் ஊர் பஞ்சு மில் பக்கம் நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் புத்தக வண்டி வந்து நிற்கும். கெட்டி அட்டை, நல்ல தாள், அழகான படங்கள், ஆனால் விலை மிகக் குறைவு. மில் தொழிலாளியும் பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க முடிந்தது. அப்பா அப்படித்தான் வாங்கினார்.

ரஸ்கினின் மகள் சாஷாவுக்குச் சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். காதுவலியில் அவள் அழும்போதெல்லாம் தன் சிறுவயதுக் கதைகளைச் சொல்லி அவளைத் தேற்றியிருக்கிறார். அவைதான் இந்தப் புத்தகம். புத்தம்புதுப் பந்தை ஓடுகிற காருக்கு அடியில் வீசி, அது வெடித்ததும் அழுத கதை ஒன்று. பெரியவனானதும் காவல்காரன் ஆவேன், ஐஸ்கிரீம் விற்பேன் என்று தினமும் மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் நாயாகப் போகிறேன் என்று கிளம்பிவிடும் கதை இன்னொன்று.

எனக்கும் அப்போது உடம்பு சரியில்லை. அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து வாசிப்பார். அதிகம் பேசாத மனிதர். பந்துக் கதை முடிந்ததும், "நீங்க சின்னப் பையனா இருந்தப்ப என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆரம்பித்தார். தாத்தாவின் புதுச் செருப்பு மிதக்குமா என்று பார்க்க ஒன்றைக் கிணற்றில் போட்டாராம். அது மூழ்கிவிட்டது. இன்னொன்றாவது மிதக்கிறதா பார்ப்போம் என்று அதையும் போட்டாராம்.

அதற்குப் பிறகு தினமும் புத்தகத்தில் ஒரு கதை, அவருடையது ஒன்று. சொன்னதையே திரும்பச் சொல்லிவிடக் கூடாதென்று பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் குறித்து வைத்தார்: செருப்பு, பனம்பழம், சந்தை மாடு, பாட்டியின் சுருக்குப்பை.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு அந்தப் புத்தகங்களின் வரவும் நின்றுவிட்டது. இந்தப் புத்தகத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பின்னால் மறுபதிப்பு வந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் தேடிப் பிடித்து வாங்குங்கள், கட்டாயம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

என் பழைய பிரதி இன்னும் இருக்கிறது. முதுகு கிழிந்து, சோற்றுப்பசை போட்டு ஒட்டியது. பென்சில் எழுத்து மங்கினாலும் படிக்க முடிகிறது. மொத்தம் 11 கதைகள். பத்தை இப்போதும் அப்படியே சொல்வேன். கடைசியில் 'ரயில்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கதை மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கேட்பதற்கு அப்பாவும் இல்லை.