ஊருக்கு மலசலகூடம்

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கள் ஊர்ச் சந்தையில் பொது மலசலகூடம் கட்ட ஊரார் சிரமதானத்துக்குத் தயார். கொழும்பிலிருந்து நாங்கள் காசு அனுப்பினால் போதுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: காசு சரி, குழி எங்கே வெட்டுகிறார்கள் என்று கேட்டீர்களா? அங்கே அடியில் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வழியே கழிவுநீர் கிணற்றுக்குப் போய்விடும், அதனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டி, கிணற்றிலிருந்து தள்ளி, அடியும் சீமெந்து பூசிய தொட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். சிரமதானத்துக்கு ஆள் வரும், தேநீரும் பணிஸும் இருந்தால் இன்னும் வரும். ஆனால் திறப்பு விழா முடிந்து ஒரு மாதத்தில் வாளி காணாமல் போகும், கதவுக் கொண்டி கழலும், அப்புறம் யார் கழுவுவது? அனுப்புகிற காசில் பாதியைக் கழுவுபவரின் சம்பளத்துக்கும், தொட்டி நிறைந்தால் உறிஞ்ச வரும் பவுசருக்கும் ஒதுக்குங்கள். பளிங்குப் பெயர்ப்பலகைக்கு ஒரு சதமும் வேண்டாம்.