விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளைக் குழுவாகப் பதிவு செய்வது எப்படி? எந்த விளக்கு வாங்கலாம்?

ஏழெட்டுப் பேர் சேர்ந்து தொடங்கப்போகிறோம், எந்த விளக்கு வாங்குவது, இரவில் எவ்வளவு நேரம் வைப்பது, எதையெல்லாம் எழுதி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் எது அதிகப் பூச்சியை இழுக்கும் என்று தேடிப் போகாதீர்கள். இன்று வைக்கும் விளக்கையே, அதே இடத்தில், அதே நேர அளவுக்கு, ஐந்து வருடம் கழித்தும் வைக்க முடியுமா என்று பாருங்கள். எந்த விளக்குக்கும் பூச்சி வரும். போன மாதம் நாற்பது, இந்த மாதம் பத்து என்று வரும்போது, குறைந்தது பூச்சியா வெளிச்சமா என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதில்தான் உங்கள் உழைப்பின் மதிப்பு இருக்கிறது.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1933இல் பூச்சியியலாளர் சி. பி. வில்லியம்ஸ் விளக்குப் பொறி, அதாவது வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் பிடிக்கும் பெட்டி, வைக்கத் தொடங்கினார். 1960களில் அது தன்னார்வலர்கள் நடத்தும் நாடு தழுவிய பொறி வரிசையாக விரிந்தது. அவர்களுடைய விளக்கு வெறும் 200 வாட் இழை பல்பு. புற ஊதா விளக்குகளோடு ஒப்பிட்டால் பூச்சியை இழுப்பதில் அது ரொம்பச் சுமார். ஆனால் எல்லா இடத்திலும், எல்லா வருடமும் அதேதான். 1968 முதல் 2017 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்துத்தான் பிரிட்டனில் பெரிய அந்துகளின் எண்ணிக்கை 33 சதவீதம் குறைந்திருக்கிறது என்று கணக்கிட முடிந்தது.

இனி விளக்கு. 125 வாட் பாதரச ஆவி விளக்குக்குத்தான் கூட்டம் அதிகம் சேரும். அதற்குத் தனி சோக் வேண்டும். 160 வாட் வகையில் சோக்கின் வேலையை உள்ளேயுள்ள இழையே செய்துவிடும். முழு வெளிச்சம் வர சில நிமிடம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போய் வந்தால், சூடு தணிந்த பிறகுதான் மறுபடி எரியும். சூடான கண்ணாடியில் மழைத்துளி பட்டால் வெடிக்கும். வெளிக் கண்ணாடி உடைந்தும் உள் குழாய் எரிந்துகொண்டிருந்தால் கண்ணைச் சுடும் குற்றலைப் புற ஊதா நேரடியாக வெளியே வரும். உடனே அணைத்துவிட வேண்டும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு இவ்வகை விளக்குகள் அருகி வருகின்றன. ஆகவே புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். நான்கு வருடத்தில் மாற்று பல்பு கிடைக்காமல் போனால் பதிவு அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்தது 8 முதல் 20 வாட் வரையிலான புற ஊதா குழல் விளக்கு. கரும் ஊதாக் கண்ணாடி உள்ளதும் சரி, வெள்ளைப் பூச்சு உள்ளதும் சரி, இரண்டுமே வேலை செய்யும். கரும் ஊதா கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு குறைவு. தண்ணீர் சுத்திகரிப்பிலும் கிருமி நீக்கத்திலும் பயன்படும் நிறமற்ற கண்ணாடிக் குழலை இதற்குப் பதில் வாங்கிவிடாதீர்கள். அது 254 நானோமீட்டர். சில நிமிடத்தில் கருவிழியைப் புண்ணாக்கும்.

மூன்றாவது எல்இடி. அலைநீளம் 365 நானோமீட்டர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395. நம் கண்ணுக்கு அவை பளிச்சென்று ஊதாவாகத் தெரியும், ஆனால் அந்துகளின் புற ஊதா உணர்வு உச்சமாக இருப்பது 350ஐ ஒட்டி. எல்இடி பவர் பேங்கிலேயே ஓடும். இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துகொள்ளும். காலையில் பொறி காலியாக இருப்பதைப் பார்த்து 'பூச்சியே இல்லை' என்று எழுதிவிடும் ஆபத்து இதில் உண்டு. வீட்டுக்குள் ஒரு முழு இரவு ஓடவிட்டுச் சோதித்த பிறகே வெளியே வையுங்கள்.

பேட்டரி கணக்கும் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும் என்பதால் பயன்படுத்தக்கூடியது 42. எட்டு வாட் குழலும் அதன் மின்சுற்றும் சேர்ந்து பத்து வாட் இழுத்தால் நான்கு மணி நேரம்தான் வரும். விடிய விடிய ஓட்ட இது போதாது.

பொறியை வீட்டிலேயே செய்யலாம். மூடியுள்ள 20 லிட்டர் வாளி, மேல் வாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் உள்ள வழவழப்பான புனல், 30 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று ஒளிபுகும் அக்ரிலிக் தகடுகள். தகடுகளை 120 பாகை இடைவெளியில் நிறுத்தி நடுவில் குழல் விளக்கை வைத்தால், சுற்றிவரும் பூச்சி தகட்டில் மோதிப் புனலுக்குள் விழும். புனலின் கீழ்த் துளை 5 சென்டிமீட்டர் இருக்கட்டும். மூன்றாகக் குறைந்தால் ஹாக் மாத் எனப்படும் பெரிய பருந்து அந்துகள் இறங்காது. எட்டாக விரிந்தால் இறங்கியவை வந்த வழியே போய்விடும். வாளியின் அடியில் துளையிட்டு உள்பக்கம் கம்பி வலை ஒட்டாவிட்டால் ஒரு மழையில் எல்லாம் மூழ்கும். உள்ளே முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கப் போட்டால் குழிகளில் பாதி வீணாகும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிறகும் சிதையும்.

பொறி இல்லாமல் நேரில் நின்று பார்க்கும் இரவுகளுக்கு, விளக்கருகே தொங்கவிட வெள்ளைப் பருத்தித் துணி, இரண்டு மீட்டருக்கு ஒன்றரை. நைலான் வழுக்கும், பூச்சி கால் ஊன்றாது. கீழ் விளிம்பு தரையில் அரை மீட்டர் விரிந்து கிடக்கட்டும். நிறைய இனங்கள் துணியில் ஏறாமல் அடியிலேயே உட்கார்ந்துவிடும். அதனால்தான் துணியைச் சுற்றி ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. மிதிபடுவதுதான் இந்த வேலையில் பூச்சிக்கு நேரும் பெரிய சேதம்.

விளக்கு மேல்நோக்கி வெளிச்சம் பாய்ச்சக் கூடாது. 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த அதிவேகக் கேமரா ஆய்வு இதற்குக் காரணம் சொல்கிறது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. வானம்தான் வெளிச்சமாக இருந்த காலத்தில் அது மேல் கீழ் அறிய உதவியது. செயற்கை விளக்கின் பக்கத்தில் அதே பழக்கம் அதைச் சுற்றிச் சுற்றி வரவைக்கிறது. வெளிச்சம் கீழிருந்து வந்தால் தலைகீழாகப் புரண்டு தரையில் மோதுகிறது.

எத்தனை மணி வரை? முடிந்தால் பொறியை அந்தியிலிருந்து விடியும் வரை. துணி என்றால் இருட்டியதிலிருந்து மூன்று மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டு, கூட்டம் நன்றாக வந்தாலும் நீட்டாதீர்கள், வராவிட்டாலும் சுருக்காதீர்கள். பருந்து அந்துகள் சில அந்தியிலேயே வந்து போகும், பட்டு அந்துகள் பல நள்ளிரவுக்குப் பிறகே வரும் என்பதால் மூன்று மணி நேரப் பட்டியல் ஒருபக்கச் சாய்வானது. அந்தச் சாய்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் ஒப்பிடலாம். பௌர்ணமியை ஒட்டி வரத்து குறையும். மேகம் மூடிய, காற்றில்லாத, வெதுவெதுப்பான இரவில் கூடும். நல்ல இரவாகப் பார்த்து மட்டும் வைக்கும் குழுக்கள் இதனால் ஏமாறுகின்றன. தேதிகளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள், வாரம் ஒரு இரவு போதும். ஒன்றுமே வராத இரவையும் நேரம், வெப்பநிலையோடு எழுதுங்கள். பூஜ்யமும் ஒரு பதிவு.

காலையில் பொறியைத் திறப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். வெயில் வருவதற்கு முன்பே வாளியை நிழலுக்குக் கொண்டுபோங்கள். புனலைத் தூக்குவதற்கு முன் வெளிச்சுவர், தகடு, அருகிலுள்ள புல் எல்லாவற்றையும் பார்த்து, அந்த எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு அட்டையையும் விளிம்பைப் பிடித்து மெதுவாக எடுத்து, விரித்த வெள்ளைத் துணிக்கு மேலாகத் திருப்புங்கள். காவடிப்புழுவாக இருந்து வளர்ந்த ஜியோமெட்ரிடே குடும்பத்தவை நிழல் பட்டாலே கிளம்பிவிடும். அவற்றை முதலில் எண்ணுங்கள். வெட்டுப்புழு அந்துகள் அடங்கிய நாக்டுயிடே குடும்பத்தில் பல, காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கீழே விழும். துணி விரிப்பது அதற்காகத்தான். பருந்து அந்து சிறகை அதிரவிட்டு நடுங்கினால் அது பயமில்லை, பறப்பதற்குத் தசையைச் சூடேற்றுகிறது. படம் எடுக்க உங்களுக்கு அரை நிமிடம் இருக்கும்.

படத்தில் முதுகுப்புறம் கட்டாயம். கேமராவைச் சிறகின் தளத்துக்கு இணையாகப் பிடித்தால் இரண்டு முன்சிறகும் கூர்மையாக விழும். பக்கத்தில் 5 மில்லிமீட்டர் கட்டத்தாள். பின்சிறகு தெரிந்தால் அதுவும், பக்கவாட்டில் ஒன்றும். புற ஊதா விளக்கடியில் எடுத்தால் எல்லாமே நீலம் பாயும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து அந்த வெளிச்சத்தில் எடுங்கள். ஒவ்வொரு இரவும் முதல் படம் பதிவுத்தாளுடையதாக இருந்தால் எந்தப் படம் எந்த இரவு என்ற குழப்பமே வராது.

எண்ணுவதில் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. துணியில் எட்டு மணிக்கு ஆறு, ஒன்பது மணிக்கு ஏழு என்றால் பதிமூன்று என்று கூட்டக் கூடாது. அதே பூச்சிகளாக இருக்கலாம். அந்த இனத்தில் ஒரே நேரத்தில் பார்த்த அதிகபட்சத்தை, அதாவது ஏழை மட்டும் எழுதுங்கள். பொறிக்குள் அடைபட்டவற்றை முழுதாக எண்ணலாம். நள்ளிரவைத் தாண்டினாலும் தேதி தொடங்கிய மாலையுடையது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைத் தசம அட்சரேகை, தீர்க்கரேகையாக எழுதுங்கள். விளக்கு வகை, வாட், ஏற்றிய அணைத்த நேரம், மேகம், காற்று, பார்த்தவர், அடையாளம் சொன்னவர், இவை அதே தாளில் இருக்கட்டும். எழுதும் வேலைக்கு ஒருவர் மட்டும்.

அடையாளம் காண்பதில் அவசரம் வேண்டாம். உட்காரும் தோரணையில் தொடங்கினால் குடும்பம் பெரும்பாலும் பிடிபடும்: சிறகைத் தட்டையாக விரித்து ஒட்டிக்கொள்வது, கூரைபோல் மடிப்பது, ஆங்கில T எழுத்துபோல் நீட்டுவது என்று. ஐநேச்சுரலிஸ்ட் செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் முதல் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். புகையிலை வெட்டுப்புழுவின் அந்தான ஸ்போடோப்டெரா லிட்டுராவையும் அதன் உறவான ஸ்போடோப்டெரா லிட்டோராலிஸையும் படத்தைப் பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது. பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அத்தகைய இடத்தில் பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை. தவறான பெயர் தரவில் ஏறிவிட்டால் பின்னால் களைவது கடினம். 'தெரியவில்லை' என்பதைப் படம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். குழுவில் ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுங்கள்.

பாதுகாப்பு. விளக்குக்கு பெடரஸ் வண்டும் வரும்: ஒரு சென்டிமீட்டருக்குள், எறும்புபோல் ஒல்லியாக, செம்மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதை அடித்து நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் ஒன்றிரண்டு நாளில் கொப்புளித்துவிடும். ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். மயிர் அடர்ந்த அந்துகளை மூக்கருகே கொண்டுபோக வேண்டாம். பூச்சி நுழையாமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். மின் இணைப்புகளைத் தரையிலிருந்து உயர்த்தி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வழியாக எடுங்கள். விளக்குக்குப் பூச்சி வந்தால் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும். மூடிய காலணி இல்லாதவரைத் துணி அருகே விடாதீர்கள்.

விடும்போது திறந்த வெளியில் உதறாதீர்கள். இரண்டு மூன்று காலையிலேயே பறவைகள் இடத்தைக் கற்றுக்கொண்டு வரிசையாக வந்து உட்காரும். பொறியிலிருந்து தள்ளி, அடர்ந்த புதருக்குள், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அட்டையோடு வைத்துவிட்டு மாலையில் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பறக்கும் அந்துகளும், நொதித்த பழத்துக்கு மட்டும் வரும் சில இனங்களும் விளக்கில் சிக்காது. உங்கள் பட்டியல் 'விளக்குக்கு வருபவை' பட்டியல் என்றே அழைக்கப்பட வேண்டும்.

கடைசியாக மறுபடி விளக்கு. புற ஊதா குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் புற ஊதா குறைந்துகொண்டே போகும், கண்ணால் பார்த்தால் தெரியாது. எரிந்த மணிகளைக் கூட்டி எழுதி, வருடத்துக்கு ஒருமுறை, பருவம் தொடங்கும் முன், அதே வகைப் புதுக் குழலாக மாற்றுங்கள். வேறு வகை விளக்குக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஒரே நாளில் தாவாமல், ஒரு முழுப் பருவம் ஒரு வாரம் பழையது, மறு வாரம் புதியது என்று மாற்றி மாற்றி வைத்து, இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.