டிராக் நிகழ்ச்சிக்குக் குழந்தையைக் கூட்டிப் போவீர்களா?

கேள்வி: அமெரிக்காவில் டிராக் நிகழ்ச்சிகளைக் குழந்தைகள் பார்க்கலாமா என்று ஏன் இவ்வளவு சண்டை? நீங்கள் உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போவீர்களா?

ஒருமுறை கூட்டிப் போயிருக்கிறேன். இன்னொருமுறை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. டிராக் என்பது மேடை வேடம். பெண் வேடமிட்டால் டிராக் குயின், ஆண் வேடமிட்டால் டிராக் கிங். விக், பட்டை பட்டையாக மேக்கப், நடக்கவே பயமாக இருக்கும் உயரத்தில் செருப்பு. ஆட்டம் முடிந்ததும் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திருநங்கையாக வாழ்வது வேடம் அல்ல, அது அவர்களுடைய வாழ்க்கை. திருநங்கைகளிலும் டிராக் ஆடுபவர்கள் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில். மகளுக்கு நாலு வயது இருக்கும்போது இங்குள்ள நூலகம் ஒன்றில் 'டிராக் ஸ்டோரி ஹவர்' நடந்தது. டிராக் கலைஞர் வந்து குழந்தைகளுக்குப் படக்கதை வாசிப்பார், அவ்வளவுதான். 2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மிஷெல் டீ என்ற எழுத்தாளர் தொடங்கிவைத்தது, பிறகு பல ஊர்களுக்கும் பரவியது. நாங்கள் போனபோது வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். காரணம் இருந்தது. 2022 ஜூனில் இதே மாநிலத்தில் சான் லொரென்சோ நூலகத்தில் நடந்த கதை நேரத்துக்குள் 'ப்ரவுட் பாய்ஸ்' என்ற தீவிர வலதுசாரிக் குழு ஆட்கள் புகுந்து கத்தினார்கள்.

உள்ளே மூன்று புத்தகம், இரண்டு பாட்டு. பச்சை விக் வைத்த ஒருவர் தவளை மாதிரி குரல் கொடுத்துக் கதை படித்தார். என் மகள் காதுக்குள் வந்து கேட்டாள்:

"அம்மா, இந்த ஆன்ட்டிக்கு ஏன் அங்கிள் குரல்?"

"அவங்க அங்கிள்தான்டா கண்ணா. ஆன்ட்டி மாதிரி வேஷம் போட்டிருக்காங்க."

"விக்கைக் கழட்டினா மறுபடியும் அங்கிள் ஆயிடுவாங்களா?"

'ஆயிடுவாங்களா' என்ற அந்த ஒரு சொல்லை வீட்டுக்கு வந்த பிறகும் என்னால் விட முடியவில்லை. கல்லூரியில் உளவியல் படித்தபோது வந்த ஒரு பூனைதான் நினைவுக்கு வந்தது. 1969இல் ரீட்டா டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டினார். தடவிக் கொடுத்து விளையாடினார்கள். பிறகு பூனையின் முன்பாதியைத் திரைக்குப் பின்னால் மறைத்து, அதன் முகத்தில் நாய் முகமூடி மாட்டினார். வால் பக்கம் எப்போதும் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருந்தது. அப்படியும் மூன்று வயதுக்காரர்களில் பலர் அது நாயாகிவிட்டது என்று நம்பினார்கள், சிலர் பயந்தார்கள். ஆறு வயதுக்காரர்கள் அசரவில்லை, முகமூடி போட்ட பூனை என்றார்கள்.

ஆண், பெண் விஷயத்திலும் அப்படித்தான் என்று லாரன்ஸ் கோல்பர்க் என்ற உளவியலாளர் 1966இலேயே எழுதியிருக்கிறார். உடையும் முடியும் மாறினால் ஆளே மாறிவிடுவார் என்று சின்னக் குழந்தைகள் நினைக்கும். ஆறு, ஏழு வயது வாக்கில்தான் அந்த எண்ணம் போகும். ஆகவே 'குழந்தை குழம்பிவிடும்' என்பவர்கள் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழப்பத்தை டிராக் கொண்டுவரவில்லை. என் கணவர் தாடியை எடுத்த அன்று இவளே அவரிடம் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். வயது கொண்டுவருவதை வயதே கொண்டுபோய்விடும். நடுவில் கேள்வி வந்தால் நேராகப் பதில் சொல்ல யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்.

வெளியே எதிர்ப்புப் பதாகையோடு ஒரு பாட்டி நின்றிருந்தார். கத்தவில்லை. பேச்சுக் கொடுத்தேன். "உள்ளே என்ன படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தப் புத்தகங்கள் என் வீட்டிலும் இருக்கின்றன. டாலஸ் வீடியோ பார்த்தாயா?" என்றார். பார்த்திருந்தேன். 2022 ஜூனில் டாலஸில் ஒரு பாரில், குழந்தைகளைக் கூட்டி வாருங்கள் என்று விளம்பரம் செய்து பகலில் நடந்த நிகழ்ச்சி அது. ஆடுபவர்களுக்குப் பிள்ளைகள் டாலர் நோட்டு நீட்டுகிறார்கள், பின்சுவரில் ஆபாசமான இரட்டை அர்த்த வாசகம் நியான் விளக்கில் எரிகிறது. பாட்டியிடம் எனக்குச் சொல்லப் பதில் இல்லை, ஏனென்றால் அது எனக்கும் பிடிக்கவில்லை.

நம் ஆட்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே, கமல் மாமி வேஷம் கட்டிய படத்தைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கவில்லையா என்பார்கள். நானும் சிரித்தவள்தான். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் சமயத்து பாண்டோமைம் நாடகத்தில் ஆண் நடிகர் கிழவி வேடத்தில் வருவார், கூட்டத்தில் பாதிக்கு மேல் பிள்ளைகள்தான். ஆனால் இந்த ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். இன்றைய டிராக் பெரும்பாலும் ஓரினச்சேர்க்கையாளர்களின் பாரிலும் இரவு கிளப்பிலும் வளர்ந்த கலை. பச்சைப் பேச்சு அங்கே சமையலுக்கு உப்பு மாதிரி. அதை அடியோடு மறுக்கும் ஆதரவாளர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஸ்டாண்ட்-அப் காமெடியும் அப்படித்தானே? பள்ளிக்கூடத்தில் ஒன்று சொல்வார்கள், நள்ளிரவில் வேறொன்று சொல்வார்கள்.

சட்டம் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள் என்பது என் கருத்து. 2023 மார்ச்சில் டென்னஸி மாநில ஆளுநர் பில் லீ கையெழுத்திட்ட சட்டம், சிறுவர்கள் பார்க்கக்கூடிய இடங்களில் யார் ஆடக் கூடாது என்ற பட்டியலில், உடை களையும் நடனக்காரர்களோடு சேர்த்து 'ஆண் அல்லது பெண் வேடமிடுபவர்கள்' என்றும் ஒரு வகையை எழுதியது. சிறுவர்களுக்குக் கேடான நிகழ்ச்சியாக இருந்தால்தான் குற்றம் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஆனால் எந்த வயதுச் சிறுவர்? ஐந்து வயதுக்குக் கேடாக இருப்பது பதினேழுக்கும் கேடா? மெம்ஃபிஸ் நாடகக் குழு ஒன்று வழக்குப் போட்டது. அந்த ஜூனில் நீதிபதி தாமஸ் பார்க்கர், சட்டம் தெளிவில்லாமல் ரொம்பவும் அகலமாக இருக்கிறது, பேச்சுரிமைக்கு விரோதமானது என்று தள்ளினார். இவரை நியமித்தது டிரம்ப் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு வழக்குத் தொடுக்கவே தகுதியில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் சரியா தவறா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

சிறுவர்களை ஆபாச நிகழ்ச்சிகளுக்குள் விடக் கூடாது என்ற ஃபுளோரிடா சட்டத்தில் டிராக் என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்களுக்கான டிராக் நிகழ்ச்சி நடத்திவந்த ஆர்லண்டோ உணவகம் ஒன்று, பிள்ளைகளை அனுமதிக்க முடியாமல் முன்பதிவுகள் போய்விட்டன என்று நீதிமன்றம் ஏறி, சட்டத்துக்குத் தடையும் வாங்கியது. இத்தனைக்கும், பெரியவர்களுக்கு ஆகும் ஆபாசத்தைச் சிறுவர்களுக்கு மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே கின்ஸ்பெர்க் வழக்கில் சொல்லியாயிற்று. நிஜமாகவே ஆபாசமாக ஆடிக் காட்டினால் பிடிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை.

இனி நான் தனியாகப் போன கதை. தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு டிராக் பிரஞ்ச் (brunch, காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாட்டோடு டிராக் ஆட்டம்) என்று அழைத்தாள். "குட்டியையும் கூட்டிட்டு வா, ஜாலியா இருக்கும்" என்றாள். அந்த இடத்துக்குப் போன் போட்டு மூன்று விஷயம் கேட்டேன்: மைக்கில் என்ன பேசுவீர்கள், பாட்டு என்ன மாதிரி, ஆடுபவர்கள் மேசைக்கு வந்து மடியில் உட்காருவார்களா. போனை எடுத்த பையன் சிரித்துக்கொண்டே, "மேடம், பிள்ளை எத்தனை வயது?" என்றான். ஐந்து என்றேன். "ஒரு இருபது வருஷம் கழித்துக் கூட்டி வாருங்கள்" என்றான்.

போனேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் இரண்டு மேசை தள்ளி எட்டு வயதுப் பையனோடு ஒரு குடும்பம் இருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர் அவனைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தச் சொல்லி, "இந்தத் தங்கத்தை யார் கூட்டி வந்தது? என் ஜோக்கில் பாதி போச்சு!" என்று மைக்கிலேயே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அப்பாவும் சிரித்தார். அடுத்த பத்து நிமிடம் ஆடியவர் சுத்தமாகத்தான் பேசினார், அடுத்து ஆட வந்தவர் அப்படிப் பேசவில்லை. பையன் தலையைத் தூக்காமல் அப்பாவின் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

நூலகத்தில் கதை என்றால் மறுபடியும் கூட்டிப் போவேன். அந்தப் பாட்டி தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வர மாட்டார். அவர் வீட்டுப் பிள்ளை, அவர் முடிவு. என் பிள்ளைக்கும் அவரே முடிவெடுக்க வேண்டும் என்று வரும்போதுதான் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அன்று அரை மணி நேரம் வெயிலில் நின்று பேசினோம். போகும்போது என் மகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.