லித்தியமும் கஞ்சியில் குறைந்த உப்பும்

தங்கச்சி, நீங்க எழுதினதைப் படிச்சேன். தூத்தூர்லயிருந்து ஆழ்கடலுக்குப் போற அண்ணன், இருமுனைக் கோளாறுக்கு (மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறித் துள்ளும், ஒரு சமயம் அடியோட சோர்ந்து போகும் நோய், பைபோலார்) லித்தியம் சாப்பிடுறார், பி.பி.க்காக அம்மா வீட்டுல உப்பைக் குறைச்சதுக்கு அப்புறம் கை நடுங்குது, மாத்திரையை நிப்பாட்டலாமான்னு கேட்டிருக்கீங்க.

எனக்கு உப்பு மேலதான் சந்தேகம். லித்தியமும் சோடியமும் கிட்டத்தட்ட ஒரே சாதி. உடம்புல உப்பு குறைஞ்சா சிறுநீரகம் சோடியத்தை விடாம இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். அதே மாத்திரைதான், ரத்தத்துல அளவு மட்டும் ஏறும். படகுல வேர்த்துக் கொட்டி, தண்ணியும் சரியா குடிக்கலைன்னா இன்னும் மோசம். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போடுறாரான்னும் கேளுங்க. அதுவும் அளவை ஏத்தும்.

டீ கிளாஸைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்க. விரல் நுனி லேசா ஆடினா, அது சரியான அளவுலயே பலருக்கு இருக்கிறதுதான். டீ சிந்துற அளவுக்குக் கை உதறினாலோ, வாந்தி, வயித்துப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம் இருந்தாலோ அடுத்த வேளை மாத்திரை வேண்டாம். அன்னைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க.

அதெல்லாம் இல்லைன்னா நீங்களா நிப்பாட்டாதீங்க. திடீர்னு விட்டா பழைய வெறிநிலை (மனசு அளவுக்கு மீறித் துள்ளுற நிலை) திரும்ப வர வாய்ப்பு அதிகம். 1949-ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கிற மனநல டாக்டர் இதைப் பத்தி எழுதின காலத்துலயிருந்து இந்த நோய்க்குக் கைகொடுக்கிற மருந்து இது, என்ன, மருந்தளவுக்கும் விஷத்தளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல்.

அடுத்த தடவை கடலுக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்துல லித்தியம் அளவு பாருங்க. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு, காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும்.