ஷிட்சூவுக்குக் கோடையில் மொட்டையடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஷிட்சூ நாய்க்கு ஒரு வயது ஆகிறது. மதுரை வெயிலில் எந்நேரமும் இரைக்கிறது. மொட்டையடித்துவிட்டால் சரியாகுமா? கண்ணில் எப்போதும் நீர் வடிகிறது. திருடன் வந்தால்கூட வாலாட்டும் போலிருக்கிறது. இதுதான் இந்த இனத்தின் குணமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், வாலாட்டும். திபெத்திய வழிவந்த இந்த நாய்கள் சீன அரண்மனையில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காகவே வளர்க்கப்பட்டவை. அழைப்பு மணி அடித்ததும் நாலு குரல் கொடுத்தால் அதுவே அதிகம். அடம் உண்டு. கழிப்பிடப் பழக்கம் படிய நாளாகும். அதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேகவைத்த கோழித் துண்டைக் காட்டினால் வந்துவிடும். நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் தனியாக விடுவதுதான் அதற்குப் பெரிய தண்டனை.

மொட்டை வேண்டாம். இரைப்புக்கு முடியைவிட மூக்குதான் காரணம். நாய்க்கு நம்மைப் போல உடலெல்லாம் வியர்க்காது. மூக்கிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் சூடு தணிய வேண்டும். சப்பை முகத்தில் அதற்கான இடம் குறைவு, மூச்சுப்பாதையும் குறுகல். தோல் தெரிய மழித்தாலும் மூக்கு அகலப்போவதில்லை. வெயில் நேராகத் தோலில் படுவதுதான் மிச்சம். ஓர் அங்குலம் விட்டுக் கத்தரித்தால் போதும். நடைப்பயிற்சி காலை ஏழு மணிக்குள் முடியட்டும். கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு மார்புப்பட்டைக்கு மாறுங்கள். எடை ஏழு கிலோவைத் தாண்டியிருந்தால் பிஸ்கட்டை நிறுத்துங்கள், எடை இறங்கினால் இரைப்பும் குறையும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து. ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் பிசுபிசுத்து, நடை தள்ளாடினால் உடனே குழாய்த் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் காட்டி, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஈரத் துண்டால் போர்த்திவிடாதீர்கள்; சூடு உள்ளேயே தங்கிவிடும். குளிர்ந்த அறையில் சும்மா படுத்திருக்கும்போதும் இரைக்கிறது என்றால் நாசித் துவாரத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதை அகலப்படுத்த அறுவை சிகிச்சை உண்டு.

முடி விஷயத்தில் பலர் மேலோட்டமாகச் சீவிவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். மேலே பட்டுப்போல இருக்கும். அடியில் விரலை விட்டுப் பாருங்கள், கம்பளி போலத் திரண்டிருக்கும். காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, பட்டை உரசும் இடம் ஆகிய மூன்றிலும்தான் சிக்கு முதலில் விழும். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலிலிருந்து நுனிவரை உலோகச் சீப்பால் தினமும் வாருங்கள். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகும், பிறகு கத்தரிக்கோல்தான் வழி. சீவும்போதே காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இனி கண். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். பிதுங்கிய கண், ஆழமில்லாத குழி, மேலே உரசும் மூக்கு முடி. நீர் வடிவது பெரும்பாலும் அந்த உரசலால்தான். முகத்து முடியைக் கத்தரித்து, கொதிக்கவைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் தினமும் துடையுங்கள். ஆனால் கண்ணைச் சுருக்கினாலோ, முன்காலால் தேய்த்தாலோ, கருவிழியில் நீலவெண்மை படர்ந்தாலோ அது புண்ணாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை மட்டும் கண்ணில் போட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிக் கருவிழியே துளைபடக்கூடும். பெரிய நாய் கவ்வியோ பிடரியை இறுக்கிப் பிடித்தோ கண் குழியைவிட்டு வெளியே வந்துவிட்டால், நீங்களே உள்ளே தள்ள முயலாமல், சலைனில் நனைத்த துணியால் மூடியபடி உடனே கிளம்புங்கள்.